மாமாவின் ரேஸ் காரும் அக்காவின் துணி மூட்டையும்

பாப்பாவின் படிப்புக்காகத்தான் எங்கள் மாமா கம்ப்யூட்டர் வாங்கினார். பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் கற்று முடித்திருந்த ஒரே பாடம், கையில் கிடைத்ததை வாயில் வைப்பது.

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அக்காவும் அவரும் அடுகோடியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கோடும் இங்கிலீஷோடும் இரண்டு தடவை மோதி, இரண்டு தடவையும் அவையே ஜெயித்துவிட்டதால், எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிற கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் நடந்தது இது. அந்த நாளில் ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் வாயும் இருந்தால் போதும், எங்களைப் போன்றவர்களை ஜனங்கள் இஞ்சினியர் என்றே நம்பினார்கள். எனக்கு ஸ்க்ரூ டிரைவரைவிட வாய் நல்ல கண்டிஷனில் இருந்தது.

போனஸ் வந்ததும் அக்கா கேட்டது வாஷிங் மெஷின். அதில் நியாயம் இருந்தது. மாமாவின் யூனிஃபார்மில் தினமும் கிரீஸ், பாப்பாவின் துணியில் தினமும் மற்றதெல்லாம். மொட்டை மாடியில் ஒரு துவைக்கிற கல், ஒரு குழாய், அதில் காலை ஒன்பது மணிவரைதான் தண்ணீர். ஆனால் அதற்கு முந்தின வாரம் மாமா என் கடைக்கு வந்து, டெமோ மெஷினில் கார் ரேஸ் கேம் ஒன்றைப் பார்த்துத் தொலைத்திருந்தார். மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. வளைவு வந்தபோதெல்லாம் உடம்பையும் சேர்த்து வளைத்தார். பக்கத்தில் நின்ற கஸ்டமர் மேல் இரண்டு தடவை சாய்ந்தார்.

"மச்சான், இதே மெஷின் வேணும். இதே ஸ்பீடு வீட்லயும் இருக்கணும்."

"அக்கா கிட்ட என்ன சொல்வீங்க?"

"பாப்பா படிப்புக்குன்னு சொல்லுவேன்."

"பாப்பாவுக்கு லைசென்ஸ் எடுக்க இன்னும் பதினாறரை வருஷம் இருக்கு மாமா."

அக்கா எப்படிச் சம்மதித்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மாமா கேட்டது கிடைக்காவிட்டால் சண்டை போடுகிறவர் அல்ல. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சும்மா இருப்பார். அதுதான் காரணமாக இருக்கும். எங்கள் கடை முதலாளி ஒரு சலுகை கொடுத்தார். இரண்டு மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் பெட்டியின் பின்பக்கம் கடை ஒட்டிய சீல் கிழிந்திருக்கக் கூடாது. சீலை நானே என் கையால் ஒட்டினேன்.

முதல் மாதம் கார் பறந்தது. ஞாயிறு மத்தியானம் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு மாமாவும் நானும் மாறி மாறி ஓட்டுவோம். நான் அவரை முந்தினால் "உங்க கடை மெஷின், உனக்குத் தோதா ஏதாச்சும் செட்டிங் பண்ணி வெச்சிருப்பே" என்பார். அவர் முந்தினால் திறமை.

இரண்டாவது மாதம் ஒருநாள் கடைக்குப் போன் வந்தது.

"மச்சான், உங்க கடை மால் சரியில்ல. வண்டி ஓட மாட்டேங்குது."

"பெட்ரோல் போட்டீங்களா?"

"கிரிகிரி பண்ணாதடா. அஞ்சு நிமிஷம் ஜோரா போவுது. அப்புறம் காலைல ஒம்போது மணிக்கு ஓசூர் ரோட்டுல போற மாதிரி நின்னு நின்னு போவுது."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். சொன்னது சரிதான். முதல் ஐந்து நிமிஷம் காரும் மரங்களும் பாலமும் வழுக்கிக்கொண்டு ஓடின. அதற்குப் பிறகு திரை விக்கல் எடுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை இன்று திருப்பினால் கார் நாளைக்குத் திரும்பியது. எங்கள் கடை மொத்தத்திலும் நல்ல கார்டு, நல்ல புராசஸர் போட்டு நானே கட்டிய மெஷின் அது. அது இப்படி மூச்சு வாங்குவதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா சமையலறை வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையிலிருந்து மழை. அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஈரத் துணி தொங்கியது. மாமாவின் தலைக்கு மேலேயே பாப்பாவின் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தான் என் மெஷினு போச்சா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "டேய், உங்க ஓனரு ரெண்டு மாசத்துக்குள்ள திருப்பி எடுத்துப்பேன்னாரு இல்ல? அது எப்ப முடியுது?"

"வர்ற திங்கக்கிழமை."

"அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைமு. கடைல ஓடின மாதிரி இங்க ஓடணும். ஓடுதா இல்லையான்னு நான் பார்ப்பேன், நீங்க ரெண்டு பேரும் இல்ல. ஓடலன்னா திங்கக்கிழமை அது போவும், வாஷிங் மெஷினு வரும்."

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்கள் தேவலை.

அன்று திங்கட்கிழமை. உடனே உட்கார்ந்து வைரஸ் தேடினேன். மூன்று கிடைத்தன. மூன்றையும் ஒழித்தேன். கார் திருந்தவில்லை. செவ்வாய் கேமை அழித்துவிட்டு சி.டி.யிலிருந்து மறுபடி ஏற்றினேன். அதே விக்கல். புதன்கிழமை வோல்டேஜ்மேல் பழி போட்டு, கடையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வோல்டேஜ் உத்தமமாக இருந்தது. அன்றைக்கே டிஃப்ராக் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் அது வரிசையாக அடுக்கும், திரையில் கலர் கலராகச் சின்னச் சதுரங்கள் நகரும். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"இது எந்த கேமு? இதுல யாரு முன்னாடி போறா?"

"நீலம் ஜெயிக்கும்னு நெனைக்கிறேன்" என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெட்டியை மட்டும் நான் திறக்கவில்லை. திறந்தால் சீல் போய்விடும். சீல் போய்விட்டால் அக்காவின் வாஷிங் மெஷினும் போய்விடும். முதலாளியைக் கேட்டு வேறு சீல் ஒட்டலாம். ஆனால் என் கையால் கட்டிய மெஷினில் கோளாறு என்று அவரிடம் நானே போய்ச் சொல்வதற்கு என் வாய் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வரும்.

வியாழக்கிழமை ஒரு விஷயம் நடந்தது. புழுக்கம் தாங்காமல் டேபிள் ஃபேனை இந்தப் பக்கம் திருப்பினேன். காற்று என்மேல் பட்டதைவிடப் பெட்டியின்மேல்தான் அதிகம் பட்டது. கார் ஐந்து நிமிஷம் தாண்டியும் ஓடியது. ஆறு, ஏழு, எட்டு. மாமா எழுந்து நின்றுவிட்டார். அப்போது அக்கா வந்து ஃபேனை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள்.

"என் கொழந்தை வேர்வைல நனையுது, உங்க பொட்டிக்கு ஃபேனா?"

ஒன்பதாவது நிமிஷம் கார் நொண்டியது. எனக்கு விளங்கிவிட்டது. சூடு. உள்ளே புராசஸர் கொதிக்கிறது. கொதித்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் புது மெஷின், புது ஃபேன், கையை வைத்தால் காற்று வருகிறது. பிறகு ஏன் கொதிக்க வேண்டும்?

"பொட்டியைத் திறக்கணும் மாமா."

"வேணாம்."

"ஏன்?"

"சீலு..." என்றார். "உங்க அக்காவுக்கு வாக்கு குடுத்தாச்சு."

நான் அவருடைய நேர்மையை நினைத்து உருகிப்போனேன். புறப்படும்போது அக்கா என்னை வாசலில் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மாமாவுக்கு பக்தி வந்துக்கினு இருக்குடா. போன மாசம் சாமி அலமாரில இருந்த சந்தனக்கட்டையை எடுத்து, அவரே ஒக்காந்து அரைச்சாரு. ரொம்ப நேரம். நான் கேட்டதுக்கு, வேணும்னாரு. நெத்தில வெச்ச மாதிரியும் தெரியல. மனசு கஷ்டத்துல இருக்காரோ என்னவோ. பாவம், பாத்து பேசு."

"கம்ப்யூட்டர் ஓடணும்னு வேண்டுதலா இருக்கும்க்கா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். நான் எவ்வளவு பெரிய புத்திசாலி என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு போட்டேன். கடை டிராயரிலிருந்து ஒரு புது சீலை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திருட்டுதான், மறைப்பதற்கில்லை. மாமா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். அக்கா துவைக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். பாப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டியை இழுத்துப் பின்பக்கம் திருப்பினேன்.

மாமா கட்டிலோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

சீலில் நகத்தை வைத்தேன். கிழியவில்லை. தபாலாபீஸ் ஸ்டாம்ப் மாதிரி முழுசாகக் கழன்று கையோடு வந்தது. பின்பக்கம் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது.

"மாமா, எங்க கடைல சீலு ஒட்ட சோறு யூஸ் பண்றதில்ல."

நான் மூடியைக் கழற்றினேன். கம்ப்யூட்டரின் உள்ளே வழக்கமாக ஒரு வாசனை இருக்கும். சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்தது. இது அந்த வாசனை இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஃபேனோடு சேர்ந்த அலுமினியக் கட்டியைத் தூக்கினேன். புராசஸரின்மேல் சூட்டைக் கடத்துகிற சாம்பல் நிறப் பேஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில், வெடித்துக் காய்ந்து, ஓரம் கருகி, மைசூர்ச் சந்தனம்.

கொஞ்ச நேரம் நான் அதைப் பார்த்தேன். சந்தனமும் என்னைப் பார்த்தது.

"மாமா, குங்குமம் மட்டும் ஏன் உட்டுட்டீங்க?"

"நீதானடா சொன்னே!" என்று மாமா வெடித்தார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பாப்பா புரண்டு படுத்தது. அவர் உடனே குரலைக் குறைத்தார். "நீதான் சொன்னே."

மாமாவின் வீட்டில் எந்த மெஷினும் மாதம் ஒருமுறை அவர் கையால் கழற்றப்படாமல் தப்பியதில்லை. மிக்ஸி, சீலிங் ஃபேன், சுவர்க் கடிகாரம், எல்லாவற்றுக்கும் மாதச் சர்வீஸ் உண்டு. பழைய கிரீஸை வழித்துப் போட்டுப் புது கிரீஸ் வைப்பார். தொழிற்சாலைப் பழக்கம். கம்ப்யூட்டருக்கும் முதல் மாதம் முடிந்ததும் சர்வீஸ் நாள் வந்திருக்கிறது. டீ கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் காட்டி சீலைப் பதமாக உரித்திருக்கிறார். உள்ளே போய் ஃபேனைத் தூக்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் அழுக்கு கிரீஸ். துணியால் சுத்தமாக வழித்துவிட்டார். வழித்த பிறகுதான் புதுசுக்கு என்ன வைப்பது என்று தெரியவில்லை. கடைக்குப் போன் பண்ணியிருக்கிறார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. கடையில் நாலு கஸ்டமர் நின்றிருந்தார்கள். "மச்சான், சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன், அந்த புராசஸர் மேல என்னத்தடா பூசுறீங்க?" என்றார். "சூடு தணியறதுக்கு வேற என்ன மாமா பூசுவாங்க, சந்தனந்தான்" என்றேன். "நெஜமாவா?" என்றார். நான் அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "கடைல விக்கிற வில்லை ஆவாது. கட்டைல அரைச்சது, நல்ல நைஸா இருக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அதை மறந்தும்போனேன். ஒருநாளைக்கு அப்படிப் பத்துப் பேருக்கு ஏதாவது சொல்கிற ஆள் நான். எதை என்று ஞாபகம் வைப்பது?

"நான் வெளையாட்டுக்குச் சொல்றேன்னு தெரியலையா மாமா?"

"நீ கம்ப்யூட்டர் ஆளு. நான் ஃபிட்டரு. பேரிங்குக்கு என்ன கிரீஸுன்னு நீ கேட்டா நான் வெளையாட்டுக்குச் சொல்லுவேனா?"

அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் இருமினேன்.

"ஆனா ஒண்ணு மாமா. கிட்டத்தட்ட ஒரு மாசம் சந்தனத்துல ஓடியிருக்கு பாருங்க. ஈரமா இருந்த வரைக்கும் நல்லாத்தான் ஓடியிருக்கும்."

"ரொம்ப நைஸா அரைச்சேன்" என்றார் மாமா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

நிஜப் பேஸ்ட் வாங்கக் கடைக்கு ஓட வேண்டும். கிளம்பும் முன் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மாடிக்கு ஏறினேன். காலையில் பிடித்து வைத்த பக்கெட் தண்ணீரில் மாமாவின் யூனிஃபார்மை நனைத்துக் கல்லில் மடித்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கி, நகத்தோரம் சோப்பில் வெடித்திருந்தது.

"சரியாயிடுமாடா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் ஆகட்டும் என்பதும் இருந்தது, ஆகாமல் போகட்டும் என்பதும் இருந்தது. என்ன சொன்னாலும் யாரையோ ஏமாற்றுகிற மாதிரி எனக்குப் பட்டது. எனக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை, நான் கடையில் ஓசியில் ஓட்டிக்கொள்வேன்.

"சாயங்காலம் தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா, உடம்பு சரியில்லையா? கேட்டதுக்கு நேரா பதில் சொல்றே?"

நாலு மணிக்குப் பேஸ்ட்டோடு திரும்பினேன். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மாமாவே சந்தனத்தைத் துடைத்தார். ஒரு அரிசிமணி அளவு பேஸ்ட் வைத்து, ஃபேனை மாட்டி, சட்டைப்பையிலிருந்த சீலை ஒட்டினேன். கேம் ஓடியது. ஐந்து நிமிஷம், பத்து, இருபது. நாற்பதாவது நிமிஷம் மாமா என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அது பாராட்டா பழைய கணக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

ஞாயிறு காலை இட்லி முடிந்ததும் அக்கா பாப்பாவை மாமா கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எந்த பட்டனு?"

மேல் அம்பு போவதற்கு, இடம் வலம் திருப்புவதற்கு என்று காட்டினேன். முதல் வளைவில் நேராகச் சுவரில் போய் மோதினாள். இரண்டாவது வளைவில் எதிர்த்திசையில் திரும்பி, வருகிற கார்களையெல்லாம் மிரட்டிக்கொண்டே போனாள்.

"அக்கா, ரேஸு அந்தப் பக்கம்."

"தெரியும். அவங்க மூஞ்சியைப் பாக்கத்தான் இப்படி வந்தேன்."

நான் மணி பார்த்தேன். ஐந்து நிமிஷம் தாண்டியது. பத்து நிமிஷம் தாண்டியது. விக்கல் இல்லை. மாமா பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். அரைமணி நேரத்தில் அக்கா சுவரில் மோதுவதை விட்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சிவப்புக் காரைத் துரத்தினாள். வளைவில் அவள் உடம்பும் வளைந்தது. அந்தக் காரை முந்தியதும் நாற்காலியிலேயே துள்ளி, "போடா டேய்!" என்று கத்தினாள். பிறகுதான் நாங்கள் இருப்பது ஞாபகம் வந்து திரும்பினாள். திரும்பியவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னமோ கொறையுதே. இது ஓடுறப்ப எப்பவும் ஒரு வாசனை வருமே. சந்தன வாசனை. நான் சாமி அலமாரியிலேர்ந்து வருதுன்னு நெனைச்சேன்."

நான் மாமாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். பேசாதீர்கள் என்று புருவத்தால், உதட்டால், முழு முகத்தாலும் கெஞ்சினேன். மாமாவுக்குப் பொய் ரொம்ப நாள் நிற்காது. ஒரு கேள்வி கேட்டால் போதும், மெயின்டனன்ஸ் ரிப்போர்ட் மாதிரி வரிசையாகச் சொல்லிவிடுவார். சொன்னார். ஆவி, சோறு, வழித்த கிரீஸ், என் போன், கட்டை, கல், எத்தனை நேரம் அரைத்தார் என்பது உட்பட.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மாமா ஓரடி முன்னால் வைத்தார். அவள் மேஜைமேல் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நிமிர்ந்து மாமாவைப் பார்த்ததும் மறுபடி சாய்ந்தாள். "பக்தின்னு நெனைச்சேனே! மனுஷனுக்கு பக்தி வந்துடுச்சுன்னு நெனைச்சேனே!" என்று புடவையால் கண்ணைத் துடைத்தாள். பாப்பாவும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தது. கடைசியில் மாமாவும்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் கொண்டுபோனா உங்க கடைல எடுத்துப்பாங்களா?"

"புது சீலு ஒட்டியிருக்கேன். எடுத்துப்பாங்க." உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அங்கே அடுத்த ரேஸுக்கு எல்லாக் கார்களும் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. மாமா தன் தட்டைப் பார்ப்பதுபோல் பாப்பாவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இருக்கட்டும்" என்றாள் அக்கா. மாமா முகம் மலர்வதற்குள் கையைக் காட்டினாள். "அடுத்த போனஸுல வாஷிங் மெஷினு வரும். அது வர்ற வரைக்கும் வாஷிங் மெஷினு நீங்க ரெண்டு பேரும். ஞாயித்துக்கிழமை உன் டூட்டி, மத்த நாளு அவரு டூட்டி. இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரும். மேல ரெண்டு பக்கெட்டு ஊற வெச்சிருக்கேன். தண்ணி ஒம்போது மணிக்கு நின்னுடும். பாப்பாவை இங்க குடுங்க."

மாமாவும் நானும் மாடிக்கு ஓடினோம். மணி எட்டரை. மாமா பேன்ட்டை முழங்கால்வரை மடித்தார். கல்லைச் சுற்றிவந்து பார்த்தார். துணியை வகை பிரித்தார், கிரீஸ் ஒரு பக்கம், பாப்பா ஒரு பக்கம். பக்கெட்டில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தபோது நான் அவர் கையில் பிரஷ்ஷைத் திணித்தேன். வெயில் வந்திருந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த வீட்டு ஓனரம்மா எங்களைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பெட்ஷீட்டை அப்படியே பிடித்தபடி நின்றார். "ஏனப்பா, இவத்து ஏனு விசேஷ?" என்று கன்னடத்தில் கேட்டார். இன்றைக்கு என்ன விசேஷம் என்கிறார்.

"ஏனில்ல, ஒண்ணுமில்ல ஆன்ட்டி, சர்வீஸ் டே!" என்றேன்.

நான் அடித்த முதல் அடியில் நுரை மாமாவின் கண்ணாடியில் போய் ஒட்டியது. அவர் அதைத் துடைக்காமல், குறி பார்த்து ஒரு யூனிஃபார்ம் பேன்ட்டை என்மேல் பிழிந்தார். கீழேயிருந்து டயர் கிறீச்சிடும் சத்தமும் அதற்குமேல் அக்காவின் குரலும் ஏறிவந்தன.

"டேய்! பிரேக்கு எந்த பட்டன்டா?"

"பிரேக்கெல்லாம் எதுக்குக்கா? போய்ட்டே இரு!"